விமானத்துக்குள் புகுவதைவிட விமானத்திடம் பொய் சொல்வது சுலபம்

2015 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்த சம்பவம் இது. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே, இந்த விமானத்தின் அமைப்புகளைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாமா என்ற தொனியில் ட்விட்டரில் எழுதினார். விமானம் இறங்கியபோது எஃப்பிஐ அதிகாரிகள் அவருக்காகக் காத்திருந்தார்கள். எஃப்பிஐ பிறகு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம்தான் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. 2011 முதல் 2014 வரை பதினைந்து, இருபது தடவை இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டியில் கேபிளைச் செருகி, சினிமா பார்க்கும் திரையின் அமைப்புக்குள் அவர் நுழைந்ததாகவும், ஒருமுறை இன்ஜின் ஒன்றுக்கு ‘மேலே ஏறு’ என்ற கட்டளையே கொடுத்ததாகவும் அவர் சொன்னதாக அதில் இருந்தது.

விமானப் பொறியாளர்களில் பெரும்பாலோர் இதை நம்பவில்லை. சினிமாத் திரைக்கும் இன்ஜினுக்கும் அப்படி ஒரு பாதையே கிடையாது என்றார்கள். அவர்மீது குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. ஆனால் அந்தப் படம் மட்டும் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது: 23ஆம் வரிசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் விமானத்தைக் கடத்திவிடுவார் என்ற படம்.

அந்தப் படம் தவறான இடத்தில் பயத்தை வைக்கிறது என்பது என் கருத்து. விமானத்துக்கு சைபர் ஆபத்து உண்டா என்றால், உண்டு. இன்றைக்கே, நாள்தோறும், நம் நாட்டு வானிலும் நடக்கிறது. ஆனால் அது விமானத்தின் கணினிக்குள் யாரோ புகுந்து நடத்துவது இல்லை. விமானம் எதையெல்லாம் கேள்வி கேட்காமல் நம்புகிறதோ, அங்கே பொய்யைக் கலப்பது.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

பழைய விமானங்களில் விமானி பிடிக்கும் கட்டையிலிருந்து இறக்கை வரை எஃகு வடங்கள் ஓடின. 1988இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 அதை மாற்றியது. விமானி கையசைப்பது ஒரு மின் சிக்னலாகக் கணினிக்குப் போகும். கணினி யோசித்து இறக்கையின் மடல்களை அசைக்கும். இந்தியாவில் இன்று அதிகம் பறக்கும் ரகம் இதுதான். அதில் பறத்தலைக் கட்டுப்படுத்த மட்டும் ஏழு கணினிகள். எலாக் என்பவை இரண்டு, செக் என்பவை மூன்று, ஃபாக் என்பவை இரண்டு. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எலாக்கையும் செக்கையும் வேறு வேறு நிறுவனங்கள் செய்தன. ஒன்றில் மோட்டோரோலா சிப், இன்னொன்றில் இன்டெல் சிப். மென்பொருளையும் தனித்தனிக் குழுக்கள் எழுதின. ஒரே பிழை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவிழ்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 1980களில் ஹேக்கர்களை நினைத்து இதைச் செய்யவில்லை. ஆனாலும் ஒரே ஓட்டையை வைத்து எல்லாக் கணினிகளையும் பிடிக்க நினைப்பவருக்கும் இது முட்டுக்கட்டைதான்.

இந்தக் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அந்தக் காலத்து விமானங்கள் பயன்படுத்தும் முறை அரின்க் 429. இரண்டு முறுக்கிய கம்பிகள். ஒரு முனையில் பேசுபவர் ஒருவர் மட்டும். மறுமுனைகளில் கேட்பவர்கள் இருபது பேர் வரை. கேட்பவர் அதே கம்பியில் திருப்பிப் பேச முடியாது. வேகமும் விநாடிக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் பிட்தான். உங்கள் வீட்டு வைஃபையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த ஒருவழித்தன்மையே பெரிய பாதுகாப்பு. முன் இருக்கைத் திரையில் விமானம் எங்கே போகிறது என்று ஒரு வரைபடம் ஓடுமே, அதற்கான தகவல் விமானி அறைப் பக்கமிருந்து வருகிறது. அந்த வழி இந்தப் பக்கம் மட்டும் திறந்திருக்கும்படி செய்வதுதான் முறை. வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஏறிப் போக முடியாது.

போயிங் 787, ஏர்பஸ் ஏ380, ஏ350 போன்ற புதிய தலைமுறையில் கதை மாறியது. கம்பிகளின் எடையைக் குறைக்க, கணினி உலகத்து ஈதர்நெட்டை அடிப்படையாகக் கொண்ட ஒரு வலையமைப்பு வந்தது. பராமரிப்புத் தகவல், விமான நிறுவனத்தின் மென்பொருள், பயணிகளின் இணையம் என்று எல்லாம் முன்பைவிட நெருங்கி வந்தன. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ இதைக் கவனித்து, 2008 ஜனவரியில் 787க்கு என்றே ஒரு சிறப்பு நிபந்தனை போட்டது: பயணிகள் பக்கத்து வலையமைப்பிலிருந்து பறத்தலைக் கட்டுப்படுத்தும் வலையமைப்புக்கு யாரும் நுழைய முடியாதபடி பிரித்துக் காட்டினால்தான் சான்றிதழ்.

அந்தப் பிரிவினையைப் பழைய வீட்டின் அமைப்பு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அது பயணிகளின் திரையும் வைஃபையும். கூடம் வரை வீட்டாரும் தெரிந்தவர்களும் வருவார்கள். அது விமான நிறுவனத்தின் வேலைகள், பணிக்குழுவின் டேப்லெட்கள், பராமரிப்புப் பதிவுகள். உள் அறைக்கு வீட்டார் மட்டும். அது பறத்தல், இன்ஜின், வழிகாட்டல். திண்ணையில் ஏதாவது நடந்தால் சங்கடம், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது கூடத்துக்கும் உள் அறைக்கும் நடுவில் இருக்கும் கதவைப் பற்றித்தான்.

அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தவர்கள் உண்டு. 2019இல் ரூபன் சாண்டமார்ட்டா என்ற ஆய்வாளர், யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து கிடந்த ஒரு போயிங் சர்வரிலிருந்து 787இன் மென்பொருளை எடுத்துப் படித்து, பணிக்குழுத் தகவலும் பராமரிப்பும் சார்ந்த பகுதியில் பல ஓட்டைகள் இருப்பதாகக் காட்டினார். அதாவது கூடத்தில். அங்கிருந்து உள்ளே போக வழி இருக்கலாம் என்றார். நாங்களே சோதித்துப் பார்த்தோம், முடியாது என்றது போயிங். இருவரும் நிஜ விமானத்தை வைத்துப் பொதுவெளியில் நிரூபிக்கவில்லை. அதற்கு முன் 2016 செப்டம்பரில், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக் குழு அட்லாண்டிக் சிட்டி விமான நிலையத்தில் நின்றிருந்த ஒரு போயிங் 757இன் அமைப்புகளுக்குள், அதைத் தொடாமலே ரேடியோ வழியாக நுழைந்ததாக அடுத்த ஆண்டு ஓர் அதிகாரி மேடையில் சொன்னார். எப்படி நுழைந்தார்கள், எது வரை போனார்கள் என்பது ரகசியமாகவே இருக்கிறது. விமானக் கட்டுப்பாட்டு அமைப்பை யாரும் ஹேக் செய்யவில்லை என்று அதற்கும் போயிங் மறுப்புச் சொன்னது.

இரண்டிலும் நான் எடுத்துக்கொள்வது இதுதான்: கதவு பலமாக இருக்கிறது, ஆனால் அதைச் சோதிக்க வெளியாட்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு போனையோ காரையோ ஆராய்ச்சியாளர் காசு கொடுத்து வாங்கிப் பிரித்துப் பார்த்துவிடலாம். விமானத்தை யார் வாங்குவது? உற்பத்தியாளர்கள் ஆய்வாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினால்தான் உண்டு. இதில் தாராளம் இன்னும் வர வேண்டும்.

பொய்யை நம்பும் பெட்டி

சரி, இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம்.

விமானம் தான் எங்கே இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் மூலம் அறிகிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் ‘நான் இன்னார், என் கடிகாரத்தில் இப்போது இந்த நேரம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்குப் போட்டால் இடமும் உயரமும் நேரமும் கிடைத்துவிடும். மைக்ரோவிநாடி ஒன்று பிசகினால் முந்நூறு மீட்டர் பிசகும், அவ்வளவு நுட்பம்.

ஆனால் அந்தக் குரல் நம்மிடம் வந்து சேரும்போது, ரிசீவரின் சொந்தப் பின்னணி இரைச்சலைவிடவும் தணிந்திருக்கிறது. கணித உத்தியால்தான் அதைத் தோண்டி எடுக்கிறார்கள். எனவே அதே அலைவரிசையில் தரையிலிருந்து கொஞ்சம் சத்தம் போட்டாலே போதும், ரிசீவருக்கு எதுவும் கேட்காது. இதற்கு ஜாமிங் என்று பெயர். இன்னொன்று ஸ்பூஃபிங். சத்தம் போடுவதற்குப் பதிலாக, செயற்கைக்கோள் பேசுவது போலவே பேசுவது, ஆனால் தவறான நேரத்தைச் சொல்வது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் ‘இது நிஜமான செயற்கைக்கோள்தான்’ என்று சரிபார்க்க எந்த முத்திரையும் இல்லை. ரிசீவர் அப்படியே நம்பிவிடுகிறது.

ஜாமிங்கில் விமானிக்குப் பிரச்சினை தெரிந்துவிடும். ஜிபிஎஸ் இல்லை என்று திரை சொல்லும். ஸ்பூஃபிங்கில் திரை நம்பிக்கையோடு பொய் சொல்லும். ஆபத்து அதில்தான்.

2023 செப்டம்பரில் ஈராக், ஈரான் எல்லையை ஒட்டிய வான்வழியில் பறந்தவர்கள் இதை முதலில் பெரிய அளவில் சந்தித்தார்கள். விமானி அறையில் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். 35,000 அடி உயரம், எல்லாம் அமைதி. முதலில் கடிகாரம் குதிக்கிறது. மணிக்கணக்கில் முன்னே பின்னே போகிறது. அடுத்து, இடத்தைப் பற்றிய கணினியின் நிச்சயமின்மையைக் காட்டும் எண் மளமளவென்று ஏறுகிறது. வரைபடத்தில் விமானச் சின்னம் பாதையை விட்டுப் பல மைல் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆட்டோபைலட் அந்தப் பொய்யான இடத்திலிருந்து ‘சரியான’ பாதைக்குத் திரும்ப முயன்று விமானத்தை நிஜமாகவே திருப்பத் தொடங்கலாம். அந்த நாட்களில் ஒரு போயிங் 777இன் விமானிகள் பாக்தாத் கட்டுப்பாட்டு மையத்திடம் இப்போது மணி என்ன, நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கேட்க வேண்டிய நிலை வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. வேறொரு சிறிய ஜெட், அனுமதியில்லாமல் ஈரான் வான்வெளிக்குள் நுழையும் நிலைக்குப் போய்விட்டது. அந்தப் பகுதியில் எல்லை தாண்டுவது என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்றாக விமானத்துக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. ஐஆர்எஸ் என்பார்கள். திரும்பலை அளக்கும் லேசர் கைரோக்களையும், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளையும் வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நகர்ந்தோம் என்று கூட்டிக்கொண்டே வரும். வெளியிலிருந்து எந்தச் சிக்னலும் தேவையில்லை. அதனால் அதனிடம் யாரும் பொய் சொல்ல முடியாது. குறை என்னவென்றால், நேரம் ஆக ஆக மணிக்கு ஒன்றிரண்டு கடல் மைல் வரை பிசகும். அந்தப் பிசகைத் திருத்த நவீன விமானங்களில் ஜிபிஎஸ்ஸையும் அதையும் கலந்து கணக்கிடுகிறார்கள். வருத்தமான விஷயம், சில ரகங்களில் அந்தக் கலவை வழியாகவே பொய் உள்ளே போய்விட்டது. காப்பாற்ற வைத்திருந்த கருவியும் தடுமாறியது.

இன்னொரு விளைவு இதைவிட என்னைக் கவலைப்பட வைக்கிறது. மலையில் மோதாமல் காக்க ஈஜிபிடபிள்யூஎஸ் என்ற எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. உலக நிலப்பரப்பின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஜிபிஎஸ் சொல்லும் இடத்தோடு ஒப்பிட்டு, முன்னால் மலை இருந்தால் ‘டெரெய்ன், புல் அப்’ என்று கத்தும். அது கத்தினால் கேள்வி கேட்காமல் மூக்கைத் தூக்கு என்பதுதான் விமானிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் பாடம். நல்ல நிலையில் இருக்கும் விமானத்தை மலையில் கொண்டுபோய் மோதும் விபத்துகள் இந்தக் கருவி வந்த பிறகு வெகுவாகக் குறைந்தன. ஸ்பூஃபிங்கில் சிக்கிய விமானங்களில் இது நடு வானில், கீழே கடல் இருக்கும்போது கூடக் கத்துகிறது. பொய்ச் சிக்னல் பகுதியைத் தாண்டிய பிறகும், மணிக்கணக்கில் கழித்து இறங்கும்போதும் கத்தியிருக்கிறது. நாலு தடவை பொய்யாகக் கத்தினால் ஐந்தாவது தடவை விமானி என்ன நினைப்பார்? கருவி கெட்டுப்போனதைவிட, கருவிமீது இருந்த நம்பிக்கை கெட்டுப்போவது பெரிய சேதம்.

விமானப் பணியாளர்களின் சர்வதேசக் குழுவான ஆப்ஸ்குரூப் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024 தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 300 விமானங்கள் ஸ்பூஃபிங்கைச் சந்தித்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் அது சுமார் 1,500 ஆயிற்று. இதில் பெரும்பகுதி பயணிகள் விமானங்களைக் குறிவைத்துச் செய்வதே இல்லை. போர் நடக்கும் இடங்களில் ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் திசைதிருப்ப ராணுவங்கள் பொய்ச் சிக்னலை விடுகின்றன. அது எல்லை பார்க்காமல் வானத்தில் பரவுகிறது. எஸ்டோனியாவின் டார்ட்டு நகர விமான நிலையத்தில் இறங்கும் முறை முழுக்க ஜிபிஎஸ்ஸை நம்பி இருந்தது. சிக்னல் குழப்பத்தால், ஹெல்சின்கியிலிருந்து வந்த ஃபின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் விமானங்கள் அங்கேயே திரும்ப வேண்டியிருந்தது. ஃபின்ஏர் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு மாதம் அந்தச் சேவையையே நிறுத்திவைத்தது. ஜிபிஎஸ் தேவைப்படாத இறங்கும் முறை ஒன்றை அங்கே ஏற்படுத்திய பிறகுதான் மீண்டும் பறந்தது.

இந்தியாவிலும் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதிகளில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 ஜிபிஎஸ் இடையூறு நிகழ்வுகள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

ஜிபிஎஸ் மட்டும்தான் இப்படியா? இல்லை. வானில் விமானம் பயன்படுத்தும் ரேடியோ வழிகளில் ஏறக்குறைய எல்லாமே எவரும் பொய் சொல்லமாட்டார் என்று நம்பிய காலத்தில் வடிவமைத்தவை. நாம் போனில் ஃபிளைட்ரேடார்24 திறந்து தலைக்கு மேல் போகும் விமானத்தின் பெயரைப் பார்க்கிறோம் அல்லவா? ஒவ்வொரு விமானமும் 1090 மெகாஹெர்ட்ஸில் தன் இடத்தையும் உயரத்தையும் விநாடிக்கு ஏறத்தாழ இருமுறை சத்தமாக அறிவிப்பதால்தான் அது சாத்தியம். ஏடிஎஸ்-பி என்ற இந்த முறையில் ரகசியக் குறியீடும் கிடையாது, கையொப்பமும் கிடையாது. யாரும் கேட்கலாம். விஷயம் தெரிந்த எவரும், இல்லவே இல்லாத ஒரு விமானத்தை இருப்பதாக அறிவிக்கலாம். 2012லேயே ஆய்வாளர்கள் இதைச் செய்துகாட்டினார்கள். கட்டுப்பாட்டு மையங்கள் ரேடாரோடும், பல ஆன்டெனாக்களுக்குச் சிக்னல் வந்து சேரும் நேர வித்தியாசத்தோடும் ஒப்பிட்டுப் போலிகளைக் கழித்துவிட முடியும். ரேடாரை முழுவதும் கைவிட்டு ஏடிஎஸ்-பியை மட்டும் நம்பலாம் என்ற யோசனை அவ்வப்போது எழும்போதெல்லாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

விமானத்துக்கும் தரைக்கும் குறுஞ்செய்தி அனுப்பும் ஏகார்ஸ் 1978இல் வந்தது. இன்றும் பெரும்பாலும் வெறும் எழுத்தாகவே போகிறது. பொழுதுபோக்காக ரேடியோ வைத்திருப்பவர்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து படிக்கிறார்கள். விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் டிகாஸ் கருவிக்கும் பொய்த் தகவல் கொடுக்க முடியும் என்று ஆய்வகத்தில் காட்டினார்கள்; அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2025 ஜனவரியில் அது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ்ஸும் அப்படியே. ஓடுபாதையின் முனையிலிருந்து இரண்டு தொனிகள் வருகின்றன, ஒன்று 90 ஹெர்ட்ஸ், இன்னொன்று 150 ஹெர்ட்ஸ். விமானம் நடுக்கோட்டுக்கு இடதுபுறம் விலகினால் 90 ஓங்கிக் கேட்கும், வலதுபுறம் விலகினால் 150. இரண்டும் சமமாக இருந்தால் நேராக வருகிறோம் என்று அர்த்தம். 2019இல் பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுமார் 600 டாலர் விலையுள்ள ரேடியோ கருவிகளை வைத்து இந்தச் சமநிலையை ஏமாற்றலாம் என்று சிமுலேட்டரில் காட்டினார்கள். விமானம் நடுக்கோட்டை விட்டு விலகிப் போகும். ஊசி நடுவில் நிற்கும். ஆனால் இதைச் செய்பவர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், குறிப்பிட்ட ஒரு விமானத்தைத் தொடர வேண்டும். வானிலை நன்றாக இருந்தால் விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து விலகிவிடுவார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவும் ஜிபிஎஸ் பொய்யோடு ஒப்பிட்டால் இதன் வீச்சு குறுகியது.

ஒற்றை எண்

ரேடியோவைத் தவிர, இன்னொரு வழியாகவும் விமானம் வெளி உலகத்தை நம்புகிறது. புறப்படும் முன் உள்ளே ஏற்றும் தகவல்கள். வழிகாட்டும் கணினியின் தரவுத்தளத்தை 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். போயிங் 747-400இல் அதை ஃபிளாப்பி டிஸ்க்கில் கொண்டுபோய் ஏற்றினார்கள். அப்புறம் விமானிகளின் டேப்லெட். வரைபடங்கள், வானிலை, எடைக் கணக்கு, புறப்படும் வேகம், எல்லாம் இப்போது அதில்தான். அந்த டேப்லெட் விமானத்தின் பாகமாகச் சான்று பெற்றது இல்லை. ஹோட்டல் வைஃபையிலும் இணைகிறது.

ஒரு தவறான எண் என்ன செய்யும் என்பதற்கு ஹேக்கரே இல்லாத ஓர் உதாரணம் போதும். 2009 மார்ச் 20 இரவு, மெல்போர்னிலிருந்து துபாய்க்கு எமிரேட்ஸ் 407. விமானம் ஏ340-500, உள்ளே 275 பேர். எடை 362.9 டன். புறப்படும் வேகத்தைக் கணக்கிடும் லேப்டாப்பில் 262.9 என்று பதிவாகிவிட்டது. ஒரே ஓர் இலக்கம். நூறு டன் குறைவான விமானத்துக்கு எவ்வளவு இன்ஜின் விசை போதுமோ அதைக் கணினி சொன்னது. அது சொன்னபடியே வைத்துக்கொண்டு ஓடினார்கள். மூக்கைத் தூக்கியபோது விமானம் எழவில்லை. வால் ஓடுபாதையில் உரசியது. தலைமை விமானி முழு விசையைக் கொடுத்தார். ஓடுபாதை முடிந்த பிறகுதான் சக்கரங்கள் தரையை விட்டன, அப்பால் இருந்த ஐஎல்எஸ் ஆன்டெனாவிலும் விமானம் இடித்தது. எரிபொருளைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பத்திரமாக இறங்கினார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

அது கை தவறியதால் வந்தது. அதே எண்ணை ஒருவர் வேண்டுமென்றே மாற்றினால்? ஓடுபாதையின் நீளத்தையோ இன்ஜின் விசை அட்டவணையையோ டேப்லெட்டின் தரவுத்தளத்தில் மெல்ல மாற்றிவைத்தால்? பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏர்பஸ் குழுமத்தின் நேவ்புளூ தயாரித்த ஐபேட் செயலி ஒன்றில் பாதுகாப்பான இணைப்பை வலியுறுத்தும் அம்சம் அணைந்திருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதைச் சரிசெய்த பிறகு 2024இல் விவரத்தை வெளியிட்டார்கள். இப்படிக் கண்டுபிடித்து, சொல்லி, திருத்தி, பிறகு வெளியிடுவதுதான் நல்ல முறை.

விமானம் பறக்கும் முன்பே தரையிலுள்ள கணினிகள் படுத்துவிடுவது வேறு வகை. பயணிகளுக்கு அதிகம் தொல்லை கொடுப்பது இதுதான், உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. 2015 ஜூனில் போலந்தின் லாட் விமான நிறுவனத்தின் விமானத் திட்டம் தயாரிக்கும் கணினிகள் தாக்கப்பட்டு வார்சாவில் விமானங்கள் ரத்தாகின. 2022 மே மாதம் ஸ்பைஸ்ஜெட்டில், கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல். 2025 செப்டம்பரில் காலின்ஸ் ஏரோஸ்பேஸின் செக்-இன் மென்பொருள் ரான்சம்வேரால் முடங்கி ஹீத்ரோ, பிரஸ்ஸல்ஸ், பெர்லின் மூன்றிலும் வரிசைகள் நீண்டன. 2021இல், விமான நிறுவனங்களுக்குக் கணினிச் சேவை தரும் சிட்டா நிறுவனத்தின் சர்வர் வழியாக ஏர் இந்தியா பயணிகள் சுமார் 45 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. எல்லா முடக்கமும் தாக்குதல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் முதல் வாரம் டெல்லியில் 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமானது செய்தி பரிமாறும் கணினியில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால்.

சரிசெய்ய ஏன் இவ்வளவு நாள்?

உங்கள் போனுக்கு மாதந்தோறும் பாதுகாப்பு அப்டேட் வருகிறது. விமானத்துக்கு அப்படி வராது. ஒரு வரி மாறினாலும் சோதித்து, ஆவணப்படுத்தி, ஒப்புதல் வாங்க வேண்டும். நல்ல காரணத்துக்காகத்தான் அந்த நடைமுறை இருக்கிறது. விமானங்கள் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பறக்கின்றன. ஏடிஎஸ்-பிக்குக் கையொப்பம் சேர்க்க வேண்டும் என்றால் உலகத்து எல்லா விமானமும், எல்லாத் தரை நிலையமும், எல்லா நாட்டு ஆணையங்களும் ஒரே முறையை ஏற்றாக வேண்டும்.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. விமானப் பாதுகாப்பின் அடித்தளமே நிகழ்தகவுக் கணக்கு. பேரழிவை உண்டாக்கும் ஒரு கோளாறு நூறு கோடி பறக்கும் மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது என்பது விதி. ஒரு கருவி கெடும் வாய்ப்பு இவ்வளவு, இரண்டும் சேர்ந்து கெடும் வாய்ப்பு இவ்வளவு என்று பெருக்கிப் பார்ப்பார்கள். பறத்தலை இவ்வளவு பத்திரமாக்கியது இந்த ஒழுக்கம்தான். அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் தாக்குபவர் தற்செயலாக நடப்பவர் இல்லை. இரண்டு கருவிகளும் ஒன்றாகக் கெடும் வாய்ப்பு எவ்வளவு அபூர்வம் என்று நீங்கள் காட்டினால், அந்த அபூர்வத்தைத்தான் அவர் திட்டமிட்டு உண்டாக்குவார். பெருக்கல் கணக்கு அங்கே உதவாது. அதனால்தான் டிஓ-326ஏ என்ற தனி விதிமுறையை 2014இல் கொண்டுவந்தார்கள். யார் தாக்கலாம், எந்த வழியாக, அதைத் தடுக்க என்ன இருக்கிறது என்று வடிவமைக்கும்போதே ஆராய வேண்டும் என்கிறது அது. ஐரோப்பா 2021 முதல் இதைச் சான்றிதழ் நடைமுறையில் சேர்த்துவிட்டது. அமெரிக்க ஆணையம் 2024 ஆகஸ்டில்தான் பொது விதியாக முன்மொழிந்தது.

ஜிபிஎஸ் பொய்க்கு மருந்து உண்டா என்றால், தொடங்கியிருக்கிறது. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் 2025 ஜூலை முதல் தங்கள் செய்தியில் டிஜிட்டல் கையொப்பம் சேர்த்து அனுப்புகின்றன. ஆனால் சான்று பெற்ற விமான ரிசீவர்களுக்கு அது வந்து சேர ஆண்டுகள் ஆகும். அதுவரை காப்பது பழைய கருவிகளும் விமானிகளின் பயிற்சியும்தான். பதற்றமான பகுதிக்குள் நுழையும் முன் ஜிபிஎஸ்ஸை ஐஆர்எஸ் கணக்கில் கலக்காமல் நிறுத்திவைப்பது, கைக்கடிகாரத்தோடு விமானத்தின் கடிகாரத்தை ஒப்பிடுவது, தரையிலிருந்து ரேடியோ வழியாகத் திசையையும் தூரத்தையும் காட்டும் விஓஆர், டிஎம்இ நிலையங்களை வைத்து இடத்தைச் சரிபார்ப்பது என்று நடைமுறைகள் வந்துவிட்டன.

2025 நவம்பரில் டெல்லியில் நடந்ததை இதற்கு நல்ல சான்றாகப் பார்க்கிறேன். 10ஆம் எண் ஓடுபாதையை நோக்கி ஜிபிஎஸ் வழியாக இறங்கிக்கொண்டிருந்த சில விமானங்கள் பொய்ச் சிக்னலைச் சந்தித்தன. வழக்கமான தரைக் கருவிகள் வேலை செய்த மற்ற ஓடுபாதை முனைகளில் பாதிப்பு இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, இப்படி எது நடந்தாலும் பத்து நிமிடத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. டிசம்பர் முதல் தேதி மாநிலங்களவையில் அமைச்சர் ராம் மோகன் நாயுடு கொடுத்த பதிலில், ஜிபிஎஸ் இடையூறு பதிவான விமான நிலையங்களின் வரிசையில் கொல்கத்தா, அமிர்தசரஸ், மும்பை, ஹைதராபாத், பெங்களூரு ஆகியவற்றோடு சென்னையும் இருந்தது.

செயற்கைக்கோள் வந்துவிட்டது, இனித் தரையில் எதற்கு இத்தனை கோபுரங்கள், பராமரிப்புச் செலவு மிச்சம் என்று உலகம் முழுவதும் விஓஆர் நிலையங்களை மூடிக்கொண்டு வந்தார்கள். குறைந்தபட்ச எண்ணிக்கையிலாவது அவற்றை இயங்க வைப்பது என்ற ஏற்பாட்டை இந்தியா கைவிடவில்லை. அமைச்சரின் அதே பதிலில் அது இருக்கிறது. அடுத்த முறை பட்ஜெட்டில் செலவைக் குறைக்க இடம் தேடும்போது, சென்னை விமான நிலையத்தின் விஓஆரும் ஐஎல்எஸ்ஸும் அந்தப் பட்டியலில் வரக் கூடாது.